வலைத்தள வடிவமைப்பு: பாடம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கணினி சார்ந்த குறுகிய காலப் படிப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையில், வலைத்தள வடிவமைப்பைக் கற்க விரும்பும் மாணவர்கள் எந்தெந்த மென்பொருள்களைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று விரிவாகக் கூறப்பட்டிருந்தது. விருதுநகர் மாவட்டத்தில் 11 ஆண்டுகளாக இந்தப் பாடத்தைக் கற்பித்து வருபவன் என்ற முறையில், அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன். கடிதம் சற்று நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வலைப்பக்கத்தை ஆக்கப் பயன்படும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்று கணினி மொழிகளையும் ஆறு மாதத்தில் ஒரு மாணவர் கைவசப்படுத்திக்கொள்கிறார். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் கண்ணைக் கவரும் முகப்புப் பக்கங்களை வரைந்து காட்டுகிறார். ஆனால், அந்தப் பக்கத்தை யார், எந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்த வேலையை முடிப்பதற்காகத் திறக்கப்போகிறார் என்று கேட்டால், பெரும்பாலானவர்களிடம் பதில் இருப்பதில்லை. இதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. கற்பிக்கும் நாங்கள் அந்தக் கேள்வியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். கடைசி வாரமோ தேர்வுக்கான திருப்புதலில் போய்விடுகிறது.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், ராஜபாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு என் மாணவர்கள் மூவரை அழைத்துச் சென்றிருந்தேன். நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், இணையவழி விண்ணப்பம் ஒன்றைத் தம் கைப்பேசியிலேயே நிரப்ப முயன்று, முடியாமல் அங்கே வந்திருந்தார். உதவிக்குப் போகும் முன், ஒரு தடவை அவராகவே நிரப்பட்டும், நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறோம் என்று அனுமதி கேட்டோம். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

பெயரைத் தாண்டுவதற்கே ஆறு நிமிடம் ஆயிற்று. முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன, இரண்டும் கட்டாயம். அவருக்கு இருப்பதோ ஒரு பெயரும், தகப்பனார் பெயரிலிருந்து வந்த ஓர் இனிஷியலும்தான். இனிஷியலை இரண்டாவது கட்டத்தில் போட்டால், குறைந்தது மூன்று எழுத்துகள் வேண்டும் என்று தளம் மறுத்தது. தகப்பனாரின் முழுப்பெயரைப் போட்டார். "ஆதார்ல இப்படி இல்லையே தம்பி, பின்னாடி பேரு ஒத்துவரலைன்னு சொல்லிருவாங்களா?" என்று என் மாணவனைக் கேட்டார். அவனிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

அடுத்தது பிறந்த தேதி. கட்டத்தைத் தொட்டதும் நாட்காட்டி ஒன்று விரிந்து நடப்பு மாதத்தைக் காட்டியது. அவர் பிறந்தது 1953-இல். ஓர் அம்புக்குறியைத் தொட்டால் ஒரு மாதம் பின்னால் போகும் என்றால், அவர் 800 தடவைக்கு மேல் தொட வேண்டும். மேலே உள்ள ஆண்டைத் தொட்டால் ஆண்டுகளின் பட்டியல் வரும் என்பது என் மாணவர்களுக்குத் தெரியும். அவருக்கு அதைத் தெரிவிக்கும் அடையாளம் எதுவும் திரையில் இல்லை. பிறகு புகைப்படம். 50 கேபிக்கு (கிலோபைட்டுக்கு) மிகக் கூடாது என்றிருந்தது. இன்றைய கைப்பேசி எடுக்கும் படம் அதைப்போலப் பல மடங்கு பெரியது. அதைச் சுருக்குகிற வேலையைத் தளமே ஒரு நொடியில் செய்திருக்கலாம்; எழுபது வயதைத் தாண்டியவரிடம் அதை விட்டிருந்தார்கள். மையத்தில் இருந்த தம்பி சுருக்கித் தந்தார். எல்லாம் முடிந்து பொத்தானை அழுத்தியபோது, பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் "தவறான உள்ளீடு" என்று ஒரு வரி வந்தது. எந்தக் கட்டத்தில், என்ன தவறு என்ற விவரம் இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டதென்று தளம் அவரை வெளியேற்றியது. மீண்டும் உள்ளே போனபோது எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருந்தன.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்குத்தான் இதெல்லாம் வர மாட்டேங்குது" என்றார். அந்த ஒரு சொல்தான் இன்று வரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் இயந்திரங்களோடு பழகிய மனிதர் அவர். தவறு முழுவதும் படிவத்தில் இருந்தது. பழியை அவர் தம்மேல் போட்டுக்கொண்டார். உடன் வந்த மாணவி தன் குறிப்பேட்டில், அவர் தயங்கிய இடங்களை ஒவ்வொன்றாக எழுதியிருந்தாள். மொத்தம் 14. வகுப்பறையில் ஒரு பருவம் முழுவதும் நான் நடத்திய விரிவுரைகளில் அந்த 14 இடங்களில் பாதிகூட வந்திருக்காது.

அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டுதான் பின்னர் பாடம் நடத்தினேன். பிரிட்டன் அரசு, தன் துறைகளின் தளங்களை 2012-இல் ஒரே தளத்தின் கீழ்க் கொண்டுவரத் தொடங்கியபோது, பத்து வடிவமைப்பு நெறிகளை வெளியிட்டது. தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது முதல் நெறி. அது பயன்படுத்துவோரின் தேவை, அரசாங்கத்தின் தேவை அன்று என்று அடிக்குறிப்பும் இட்டிருந்தார்கள். அவர்களுடைய படிவத்தில், நினைவில் உள்ள ஒரு தேதியைக் கேட்பதற்கு நாட்காட்டி வராது. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சிறிய கட்டங்கள் இருக்கும். எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மேலே ஒரு மாதிரித் தேதி இருக்கும். நம் பெரியவருக்கு அந்த மூன்று கட்டங்கள் இருந்திருந்தால், எட்டு எண்களை அழுத்தி அரை நிமிடத்தில் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். பிழை நேர்ந்தால், எந்தக் கட்டத்தில் என்ன குறை, அதை எப்படிச் சரிசெய்வது என்று பக்கத்தின் உச்சியிலும் அந்தக் கட்டத்தின் அருகிலும் இரண்டு இடங்களில் சொல்கிறார்கள். "பிறந்த ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதவும், எடுத்துக்காட்டு 1953" என்று ஒரு வரி எழுதுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல எழுதத் தெரிந்தால் போதும்.

பெயர் விஷயத்தில் பிரிட்டனையோ அமெரிக்காவையோ பார்த்து நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. குடும்பப்பெயர் என்ற வழக்கமே இல்லாத கோடிக்கணக்கான மக்களுக்குக் கடைசிப் பெயரைக் கட்டாயமாக்கும் படிவம், வேறு ஊரிலிருந்து வாங்கிவந்து அப்படியே மாட்டப்பட்ட படிவம். "ஆதாரில் உள்ளபடி முழுப்பெயர்" என்று ஒரே கட்டம் வைத்து, அதில் இனிஷியலுக்கும் புள்ளிக்கும் இடம் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. தமிழில் பெயரை எழுதச் சொல்லும் படிவங்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்ச்செல்வி என்ற பெயரில் நமக்கு ஏழு எழுத்துகள். கணினிக்கோ அவை 13. மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு தனித்தனியாக எண்ணுகிறது. சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு என்ற கணக்கில் அது 39 பைட்டாக ஆகிவிடும். ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்து 20 எழுத்துக்கு மேல் ஏற்காதபடி கட்டத்தை அமைத்தவர், சற்று நீண்ட தமிழ்ப் பெயரின் வாலை அறுத்துவிடுகிறார். பெயரின் உரிமையாளருக்கு அது ஏன் என்றே தெரிவதில்லை.

தமிழில் ஒரு பக்கத்தை வடிவமைப்பது தனிப் பாடமாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் மாணவர்கள் படிக்கும் பாடங்களெல்லாம் ஆங்கில எழுத்தை வைத்து எழுதப்பட்டவை. வலியுறுத்த வேண்டிய சொல்லைப் பெரிய எழுத்தில் போடு என்கின்றன. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. சாய்வெழுத்தில் போடு என்கின்றன. சாய்வுக்கென்று தனியாக வரையப்படாத தமிழ் எழுத்துருவை உலாவி தானே சாய்க்கும்போது எழுத்துகள் விழப்போவதுபோல நிற்கின்றன. நமக்குக் கைகொடுப்பவை எழுத்தின் தடிமன், அளவு, சுற்றிலும் விடும் வெற்றிடம் ஆகியவைதான். வரிகளுக்கு இடையிலான உயரமும் அப்படித்தான். மேல்விலங்கும் மேல்விலங்குச் சுழியும் மேலே எழுகின்றன. கூ, ஞூ போன்றவை கீழே இறங்குகின்றன. ஆங்கிலத்துக்கு அமைத்த நெருக்கமான வரியிடைவெளியில் தமிழை ஊற்றினால், மேல்வரியின் கொக்கி கீழ்வரியின் சுழியில் போய் இடிக்கிறது. தலைப்புப் பட்டையிலோ பொத்தானிலோ அந்தச் சுழி பாதியாக நறுக்கப்பட்டுவிடுகிறது. கி எது, கீ எது என்று தெரியாத தமிழை எத்தனையோ தளங்களில் நாம் பார்க்கிறோம். எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையாத வரியுயரம் என்பதை என் வகுப்பில் விதியாகவே வைத்திருக்கிறேன். நெடிய கட்டுரைப் பக்கங்களுக்கு 1.7 வரை போகச் சொல்கிறேன்.

சொற்களின் நீளம் இன்னொன்று. ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் பொத்தானுக்குத் தமிழில் "சமர்ப்பிக்கவும்" என்று எழுதி, அது கட்டத்துக்கு வெளியே வழிந்து கிடக்கிறது. "அனுப்பு" என்று எழுதினால் இடமும் போதும், படிப்பவருக்கும் விளங்கும். இதைவிட நுட்பமான ஒரு சிக்கலை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. ஒரு மாணவிதான் சுட்டிக்காட்டினாள். இடம் போதாதபோது தலைப்பின் கடைசிப் பகுதியை வெட்டி மூன்று புள்ளிகள் வைப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். ஆங்கிலத்தில் செய்தியின் சாரம் பெரும்பாலும் முன்பகுதியிலேயே வந்துவிடுவதால் அதில் சேதம் குறைவு. தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்கிறது. "கட்டணம் செலுத்தக் கடைசி நாள் நீட்டிக்கப்ப..." என்று ஒரு கல்வி நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையில் நின்றிருந்தது. நீட்டிக்கப்பட்டதா, நீட்டிக்கப்படவில்லையா? வெட்டுப்பட்ட நான்கைந்து எழுத்துகளில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுத் திட்டமே இருக்கிறது. ஆகவே தமிழ்த் தலைப்பை வெட்டாமல் இரண்டாம் வரிக்கு மடித்துவிட வேண்டும். மடிக்க இடமில்லையென்றால் "கடைசி நாள் நீட்டிப்பு" என்று எழுதிப் பழக வேண்டும். எந்தப் பாடநூலிலும் நான் காணாத நெறி இது. தமிழில் எழுதிப் பார்த்தால்தான் கிடைக்கும்.

உரையாடல் கட்டங்களில் நேரும் குழப்பமும் அப்படிப்பட்டதே. "விண்ணப்பத்தை ரத்து செய்ய வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, கீழே "சரி" என்றும் "ரத்து" என்றும் இரண்டு பொத்தான்கள் வைக்கிறார்கள். விண்ணப்பத்தைக் காப்பாற்ற நினைப்பவர் எதை அழுத்துவார்? "ஆம், விண்ணப்பத்தை நீக்கு", "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்று எழுதிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. இயந்திர மொழிபெயர்ப்பில் மாநிலம் என்று வர வேண்டிய இடத்தில் "நிலை" என்று போட்டிருப்பதையும், முகப்பு என்று வர வேண்டிய இடத்தில் "வீடு" என்று போட்டிருப்பதையும் நானே பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பக்கம் ஒன்று இருக்கிறது என்று கணக்குக் காட்டுவதற்காகச் செய்த பக்கத்தில்தான் இப்படி நேரும். அதைப் படித்துப் புரியாமல், தமிழ் தெரிந்தவரே ஆங்கிலப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

இந்த இடத்தில் தங்களைப் போன்ற நாளிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தைப் பக்கத்தில் அடுக்குவதில் பல தலைமுறை அனுபவம் உள்ள கலைஞர்கள் உங்களிடம்தான் இருக்கிறார்கள். ஒரு பத்தியின் அகலத்தில் எத்தனை சொல் நிற்கும், தலைப்பை எந்த இடத்தில் மடித்தால் பொருள் சிதையாது, முதல் பத்தியிலேயே செய்தியின் உயிரை எப்படி வைப்பது, படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு மூச்சுவிட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பக்க வடிவமைப்பாளர்களுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும் கைப்பழக்கம். என் மாணவர்களுக்கு முதல் வாரப் பயிற்சியாக நாளிதழின் முதல் பக்கத்தை மேசையில் விரித்து, கண் முதலில் எங்கே போகிறது, அடுத்து எங்கே நகர்கிறது, எதைப் பார்த்து அங்கே நகர்ந்தது என்று பென்சிலால் குறிக்கச் சொல்கிறேன். அளவில் பெரியது முதலில், நெருங்கியிருப்பவை ஒரே கூட்டம், வெற்றிடம் என்பது வீணான இடமன்று என்ற மூன்றும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களுக்குப் பிடிபட்டுவிடுகின்றன.

நிறத்தைப் பற்றி மாணவர்களுக்கு ஆர்வம் அதிகம்; அறிவு குறைவு. வெள்ளைத் திரையில் மெல்லிய சாம்பல் எழுத்து இன்று நாகரிகமாகிவிட்டது. குளிரூட்டிய அறையில், புத்தம்புதிய திரையில் அது அழகாகத்தான் இருக்கும். பேருந்து நிலையத்தில் நண்பகல் வெயிலில், கீறல் விழுந்த கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிமுறைகள், சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்கின்றன. 767676 என்ற குறியீடுள்ள சாம்பல் வெள்ளைப் பின்னணியில் இந்த வரம்பை மயிரிழையில் தாண்டுகிறது, 777777 தாண்டவில்லை. பிழைச் செய்திக்கு எல்லோரும் பயன்படுத்தும் கலப்பற்ற சிவப்பும் வெள்ளையின் மேல் விகிதம் ஏறத்தாழ நான்குதான் என்பதால் தேர்ச்சி பெறுவதில்லை என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். கணக்கிட்டுக் காட்டிய பிறகுதான் ஏற்கிறார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதால், நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லக் கூடாது. பக்கத்தில் ஒரு சொல்லும் இருக்க வேண்டும்.

இது ஏதோ நம் ஊரில் மட்டும் உள்ள குறை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களை ஆராய்கிறது. 2025-இல் அவற்றில் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் அணுகல் குறைபாடுகள் காணப்பட்டன. 79 விழுக்காட்டில் எழுத்தின் ஒளிவேறுபாடு போதவில்லை. இன்னும் கவனிக்க வேண்டியது, கண்டறியப்பட்ட பிழைகளில் 96 விழுக்காடு ஆறே வகைகளில் அடங்கிவிட்டன: மங்கிய எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் ஒட்டப்படாத கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், எந்த மொழி என்று அறிவிக்காத பக்கம். ஆறு பாடவேளைகளில் கற்பித்து முடிக்கக்கூடியவை இவை. இதைக் கற்பிக்காமல், திரையில் பறந்துவரும் படங்களுக்கும் சுழலும் எழுத்துகளுக்கும் ஒரு மாதம் செலவிடுகிறோம்.

கடைசியாகச் சொன்ன மொழி அறிவிப்பு, தமிழுக்கு மிக முக்கியமானது. எச்டிஎம்எல் பக்கத்தின் தொடக்கத்தில், இது தமிழ்ப் பக்கம் என்று குறிக்க ஒரு சிறு இடம் இருக்கிறது; அதற்கான குறியீடு இரண்டே ஆங்கில எழுத்துகள். அங்கே ஆங்கிலம் என்று இருப்பதை மாற்றாமலேயே தமிழ்ப் பக்கங்களை வெளியிடுகிறார்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அதை நம்பித் தமிழை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைக்கும்போது, அது எழுத்துகளைத் தாண்டிச் செல்கிறது, அல்லது விளங்காத ஒலியாக உளறுகிறது. என் வகுப்பில் படித்த பார்வையற்ற மாணவர் ஒருவர், என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை ஒலிபெருக்கியில் இணைத்து, வகுப்புத் தோழர்கள் செய்த பக்கங்களை ஒரு நாள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கவிட்டார். "இங்கே கிளிக் செய்யவும், இணைப்பு, இங்கே கிளிக் செய்யவும், இணைப்பு, பொத்தான், பொத்தான்" என்று அது சொல்லிக்கொண்டே போயிற்று. அழகான படம் இருந்த இடத்தில், கேமரா தானாக இட்ட கோப்புப் பெயரை எண் எண்ணாக ஒப்பித்தது. வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. அன்று மாலையே, யாரும் சொல்லாமல், எல்லோரும் தங்கள் பக்கங்களைத் திருத்தினார்கள். "விண்ணப்பிக்க இங்கே கிளிக் செய்யவும்" என்பதில் "இங்கே" என்ற சொல்லில் இருந்த இணைப்பை எடுத்துவிட்டு, "விடுதிக்கு விண்ணப்பிக்க" என்ற சொற்களையே இணைப்பாக்கினார்கள். அந்தப் பத்து நிமிடம் செய்ததை என் பத்து விரிவுரைகள் செய்ததில்லை.

அறிவிப்புகளைத் தாளில் அச்சிட்டு, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து படமாக ஏற்றும் பழக்கமும் இத்துடன் ஒழிய வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்திருக்கிறது. ஆனாலும் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்புகள் ஏற்றப்படுகின்றன. அவற்றிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் வருகிறது. தேடுபொறிக்கும் அது தெரியாது, திரைவாசிப்பானுக்கும் தெரியாது. கைப்பேசியில் பார்ப்பவரோ இரண்டு விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் கருணையால் செய்ய வேண்டியவை என்று கருதும் காலம் முடிந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களால், கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பை முடிக்க இயலவில்லை என்ற வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், எண்ணிம (டிஜிட்டல்) சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. ஒரு கண் சிமிட்டல் என்பது வடிவமைத்தவருக்குச் சிறு விவரம். அதைச் செய்ய முடியாதவருக்கு, வங்கிக் கணக்கும் சிம் கார்டும் கிடைக்காமல் போவதற்கான காரணம். இந்தத் தீர்ப்பை வலைத்தள வடிவமைப்பு மாணவர் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும்.

வேலை தருபவர்கள் மென்பொருள் அறிவைத்தானே கேட்கிறார்கள் என்று பெற்றோர் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. நியாயமான கவலை; பணம் கட்டிப் படிக்க வைப்பவர்கள் அவர்கள். ஆனால், இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் நான்கு வரி சொன்னால், சில நிமிடங்களில் ஒரு முழுப் பக்கத்தை அதுவே ஆக்கித் தந்துவிடுகிறது. அப்படி வரும் பக்கத்திலும் முதற்பெயர், கடைசிப் பெயர் என்ற கட்டங்கள் இருக்கின்றன. மெல்லிய சாம்பல் எழுத்து இருக்கிறது. அதைப் பார்த்து, இது ராஜபாளையத்துப் பெரியவருக்கு உதவாது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி வேலை இருக்கும் என்பது என் கணிப்பு. கருவிகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன. நான் கற்பிக்கத் தொடங்கியபோது இருந்தவற்றில் பாதி இன்று வழக்கில் இல்லை. மனிதருடைய கண்ணும் விரலும் பொறுமையும் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. பத்து நொடிக்கு மேல் காத்திருக்க வைத்தால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும் என்று, தளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1990-களில் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது.

அதே நீல்சன், ஒரு தளத்தின் குறைகளில் பெரும்பகுதியைக் கண்டறிய ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே போதும் என்று 2000-இல் எழுதினார். ஐந்து பேர் என்பது ஒரு கிராமத்து மாணவருக்கும் எட்டக்கூடிய எண்ணிக்கை. பக்கத்து வீட்டு அத்தை, மளிகைக்கடை அண்ணாச்சி, பள்ளிக்குப் போகும் தம்பி, ஓய்வுபெற்ற தாத்தா, வங்கிக்குப் போகத் தயங்கும் சித்தி ஆகியோரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "இதில் கட்டணம் கட்ட வேண்டும், செய்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் கடினம். மாணவர்கள் உடனே கைநீட்டி "இதை அழுத்துங்கள் அத்தை" என்று சொல்லிவிடுகிறார்கள். சொன்ன அந்த நொடியில் கற்க வேண்டியது கைநழுவிப் போகிறது. அதனால் என் வகுப்பில் சோதனையின்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறேன்.

பாடத்திட்டம் வகுக்கும் பாலிடெக்னிக் மற்றும் கல்லூரிக் கல்வி அதிகாரிகளுக்கும், தனியார் பயிற்சி மையங்களை நடத்தும் என் சக ஆசிரியர்களுக்கும் தங்கள் வாயிலாக மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். செய்முறைத் தேர்வின் 100 மதிப்பெண்ணில் 30-ஐ, ஐந்து பேர் பயன்படுத்துவதைப் பார்த்து எழுதிய குறிப்பேட்டுக்கும் அதன்படி செய்த திருத்தங்களுக்கும் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஒரு பக்கத்தையாவது தமிழிலேயே, தாமே எழுதிய சொற்களில் வடிவமைத்துக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் செய்து மொழிபெயர்த்தது ஏற்கப்படக் கூடாது. மதிப்பிடும் நாளில் அந்தப் பக்கத்தை ஆசிரியரின் மடிக்கணினியில் பார்க்காமல், விலை குறைந்த ஒரு கைப்பேசியில், கட்டடத்துக்கு வெளியே, வெயிலில் நின்று பார்க்க வேண்டும். இதற்குப் புதிய ஆய்வகமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.

எங்கள் மையத்தில் வரும் ஜூன் மாதம் தொடங்கும் வகுப்பில் முதல் இரண்டு வாரம் கணினியைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த மாணவியின் 14 குறிப்புகளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பழைய படிவத்தைத் தாளிலும் பென்சிலிலும் புதிதாக வரையச் சொல்லப்போகிறேன். வரைந்து முடித்ததும் நிரப்பிப் பார்ப்பதற்கு அந்தப் பெரியவரையே அழைத்திருக்கிறேன். கண்ணாடியை மாற்றியிருப்பதாகவும், கட்டாயம் வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
வலைத்தள வடிவமைப்புப் பயிற்றுநர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.